அகப்பூசையும் புறப்பூசையும்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் பெருந்தெருவில், மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையே, திருமுறிகண்டிப் பிள்ளையார் கோயில் அமைந்திருக்கின்றது. பெருங்கோயில் என்று சொல்லத்தக்க தோற்றம் அதற்கு இல்லை. எனினும், அவ்வழியாற் செல்லும் ஊர்திகளுள் அதன் முன் நில்லாது செல்வன சிலவே. பேருந்து நிற்கின்றது, சாரதி இறங்குகின்றார், கற்பூரம் எரிகின்றது, தேங்காய் சிதறுகின்றது, நெற்றிகளில் நீறு ஏறுகின்றது. பயணிகள் கச்சான் வாங்கிக்கொண்டு தத்தம் இருக்கைக்கு மீளுகின்றனர். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடுகின்றது.

அவ்வொரு பேருந்திலேயே மூவரைக் கருதிப் பார்க்கலாம். ஒருவர் தூக்கக் கலக்கத்தோடு இறங்கி, பிறர் செய்தமையால் தாமும் தேங்காய் அடித்து, எங்கோ நினைவாய் மீளுகின்றார். மற்றொருவர், அடியாது போனால் வழியில் இடர் நேருமோ என்னும் அச்சத்தால் அடிக்கின்றார். மூன்றாமவர் நடக்கவியலாத மூதாட்டி. இருக்கையில் இருந்தவாறே கண்மூடி நெஞ்சுருகி நினைக்கின்றார். அவர் கையில் தேங்காயும் இல்லை, கற்பூரமும் இல்லை. இம்மூவருள் வழிபட்டவர் யாவர்? மூதாட்டியே என விடையிறுத்தல் எளிது. ஆயின், அவ்விடையை ஒப்பியவுடன் அடுத்த வினா எழுகின்றது: நினைவே வழிபாடாயின் கோயில் எதற்கு? தேங்காய் எதற்கு? பேருந்துதான் நிற்பானேன்? உயர்வகுப்பு மாணவர் பலர் இன்று எழுப்பும் வினா இதுவே. மனம் செம்மையாயிருப்பின் போதும், சடங்கு வேண்டா என்பார் ஒருசாரார். முறை வழுவினால் யாவும் வழுவும் என்பார் மறுசாரார். இவ்விரு கூற்றுகளையும் நம் சமயநூல்கள் எவ்வாறு நோக்கின, இதே சிக்கலை எதிர்கொண்ட பிறிதொரு தொன்மைச் சமயமாகிய யூத சமயம் எவ்வாறு நோக்கியது என்பன ஈண்டு ஆராயப்படும்.

முதலிற் சைவ மரபை நோக்குக. ஆகமவழிப் பூசையில் மூன்று கூறுகள் ஒருங்கு நிகழல் வேண்டும். கையாற் செய்வது கிரியை. நாவாற் சொல்வது மந்திரம். மனத்தாற் கொள்வது பாவனை. உடலும் உரையும் உள்ளமுமாகிய மூன்று கருவிகளுக்கும் ஒவ்வொரு தொழில் வகுக்கப்பட்டிருத்தலைக் காண்க. இவற்றுள் ஒன்றேனும் வேலையற்றிருத்தலை ஆகமம் விரும்பவில்லை. கை மலரிட, நா மந்திரம் சொல்ல, மனம் சந்தைக்குச் செல்லுமாயின், அப்பூசை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்பது மட்டுமன்று. ஏனை இரண்டையும் இயக்குவதே குறைந்தது எனல் வேண்டும்.

அம்மட்டோ? புறத்தே பூசை தொடங்குமுன் அகத்தே பூசை நிகழல் வேண்டும் என்பதும் விதியாகும். இதனை அந்தரியாகம் என்பர். பூசகர் தம் இருதயத்தைப் பூசைக்குரிய இடமாகவும், நாபியை ஓமத்துக்குரிய இடமாகவும், புருவநடுவைத் தியானத்துக்குரிய இடமாகவும் பாவித்து, புறத்தே செய்யப்போவன யாவற்றையும் முதற்கண் உள்ளே செய்து முடிக்கின்றார். அவ்வகப்பூசைக்குரிய மலர்கள் தோட்டத்திற் பூப்பன அல்ல. கொல்லாமை, ஐம்பொறியடக்கம், பொறுமை, இரக்கம், அறிவு, மெய்ம்மை, தவம், அன்பு என்னும் எட்டுமே அவை. ஆன்மசுத்தி, தானசுத்தி, திரவியசுத்தி, மந்திரசுத்தி, இலிங்கசுத்தி என்னும் ஐவகைச் சுத்திகளிலும் ஆன்மசுத்தி வைத்தெண்ணப்படுதல் கருதற்பாலது. ஆகவே, சைவக் கிரியை உள்ளத்தை மறந்த வெறுஞ்சடங்கு என்பார், அக்கிரியையின் முதற்பகுதியையே அறியாதவராவர்.

விதிநூல் இவ்வாறாக, அடியார் வரலாறுகள் கூறுவன யாவை? ஏழாம் நூற்றாண்டினராகிய திருநாவுக்கரசர், புண்ணிய தீர்த்தங்களில் மூழ்குதலும் நோன்பிருத்தலும், ஈசன் எங்குமுளன் என்னும் உணர்வு இல்லாதார்க்குப் பயன்படா என்று பாடியவர். அத்திருப்பதிகம் ஒன்றையே கொண்டு அவரைச் சடங்கு மறுத்தவர் என முடிவுசெய்வார் உளர். அவர்கள் நாவுக்கரசரின் கையை நோக்க மறந்தவர்கள். அக்கையில் இருந்தது உழவாரப்படை. தலந்தோறும் சென்று திருக்கோயில் வீதிகளிற் புல்லைச் செதுக்கி, முள்ளை அகற்றி, முதுமையளவும் உடலுழைத்தவர் அவர். சடங்கின் பயனின்மையை அவர்போல் வன்மையாகச் சொன்னவரும் அரியர். கைத்தொண்டை அவர்போல் விடாது செய்தவரும் அரியர். இவ்விரண்டும் ஒருவரிடத்தே நிகழ்ந்தமையை விளங்கிக்கொள்பவரே இவ்வினாவின் விடையை அணுகியவராவர்.

மனமே போதும் என்பார் தம் கட்சிக்குச் சான்றாகக் காட்டுவது பூசலார் நாயனார் வரலாறு. பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம் இதனை விரித்துரைக்கின்றது. திருநின்றவூரிற் பிறந்த பூசலார் சிவனுக்கு ஒரு கோயில் எடுக்க விழைந்தார், பொருளில்லை, பிறரிடம் தேடியும் கிட்டவில்லை, ஆதலால் மனத்திற் கட்டினார். காஞ்சியிற் கற்றளி எடுத்த காடவர்கோன் குடமுழுக்குக்கு நாட்குறித்தபோது, இறைவன் அவன் கனவில் தோன்றி, அந்நாளில் நின்றவூர்ப் பூசலார் எடுத்த கோயிலிற் புகவிருத்தலால், நீ நாளை மாற்றுக எனப் பணித்தான். அரசன் நின்றவூர் சென்று கோயில் எங்கேயென வினாவ, ஊராருள் அறிந்தவர் எவருமிலர். அக்காடவர்கோனைக் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலை எழுப்பிய இராசசிம்ம பல்லவன் எனக் கொள்வர்.

இவ்வரலாற்றைக் கூர்ந்து நோக்கின் இரண்டு உண்மைகள் புலப்படும். பூசலார் புறக்கோயிலை இகழ்ந்து அகக்கோயிலைத் தேர்ந்தவர் அல்லர் என்பது ஒன்று. அவர் முதலில் நாடியது கல்லும் மண்ணுமே. இயலாமையே அவரை உள்ளே திருப்பியது. மற்றொன்று, அவர் மனத்தில் எடுத்த கோயில் ஒரு கணநேரக் கற்பனையன்று என்பது. பொருளைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, தச்சரைத் தேடி, நன்னாளிற் கால்கொண்டு, அடிமுதல் சிகரம் வரை முறைப்படி எழுப்பி, மதில் வளைத்து, கிணறும் குளமும் அகழ்ந்து, குடமுழுக்குக்கும் நாட்பார்த்தார் அவர். ஆகமம் விதித்த படிமுறைகளுள் ஒன்றையும் அவர் மனம் தாண்டிச் செல்லவில்லை. உறக்கத்தையும் விட்டு அதில் உழைத்தார். ‘மனத்தால் நினைத்தேன், அது போதும்’ என்று பள்ளிக்குச் செல்லும் வழியில் ஒருகால் நினைத்துவிட்டுப் போகின்றவன், தனக்குச் சான்றாகப் பூசலாரைக் காட்ட உரிமையுடையவன் அல்லன். பூசலாருடைய அகப்பூசை புறப்பூசையினும் எளிதன்று, அரிது.

கண்ணப்பர் வரலாறு இதன் மறுபக்கம். காளத்தி மலையில், ஆகமம் வல்ல சிவகோசரியார் நாடோறும் தூய நீரும் மலரும் இட்டு முறைப்படி பூசிக்கின்றார். வேடராகிய திண்ணனார் வாயில் நீரும், தலைமயிரிற் செருகிய மலரும், சுவைபார்த்த ஊனும் கொணர்ந்து படைக்கின்றார். விதிப்படி நோக்கின் யாவும் குற்றம். எனினும் ஆறே நாளில் அவர் அடைந்த நிலை யாவரும் அறிந்தது. இங்கே உள்ளம் வென்றது, விதி தோற்றது என்பது பொதுவாகக் கூறப்படும் முடிவு. அது முழுவதும் சரியன்று. இறைவன் சிவகோசரியாரின் பூசையைத் தள்ளவில்லை. அவர் கனவிற் சென்று தேற்றி, அன்பின் தன்மையைக் காணுமாறு மறைந்திருக்கப் பணித்தான். விதிவழி நின்றவர்க்கு அன்பு காட்டப்பட்டது. அவரது வழி மூடப்படவில்லை. அன்றியும், கண்ணப்பர் வெறும் நினைவோடு நின்றவர் அல்லர். அவர் அன்பு காலால் நடந்தது, தோளாற் சுமந்தது, இரவெல்லாம் வில்லேந்திக் காத்தது, இறுதியிற் கண்ணையும் இடந்து அப்பியது. உடம்பின் செயலாக வெளிப்படாத கண்ணப்பர் அன்பு என ஒன்று இல்லை.

எனவே, பூசலாரிடத்தே புறப்பொருள் இல்லை, முறை உண்டு; கண்ணப்பரிடத்தே முறை இல்லை, புறப்பொருள் உண்டு. இருவரிடத்தும் இல்லாதிருந்தது ஒன்றே: உள்ளம் கலவாத செயல். பெரியபுராணம் இவ்விருவரையும் ஒரே தொகையுள் வைத்துப் போற்றியதன் நுட்பம் இதுவேயாகும்.

சித்தாந்த சாத்திரம் இதனை மேலும் தெளிவாக்குகின்றது. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கும் புறத்திலிருந்து அகம் நோக்கிச் செல்லும் படிகள். அரும்பு, மலர், காய், கனி என இவற்றை உவமித்தல் மரபு. அரும்பில்லாத கனியில்லை என்பது ஒருபுறம். அரும்பிலேயே நின்றுவிடுதல் மரத்துக்குப் பயனன்று என்பது மறுபுறம். கனி எய்திய ஞானிக்குக் கோயில் வேண்டுமோ என்பதற்குப் பதின்மூன்றாம் நூற்றாண்டிற் சிவஞானபோதம் தந்த மெய்கண்டார், அந்நூலின் பன்னிரண்டாம் சூத்திரத்தில் விடை வைத்தார். மலம் நீங்கிய மெய்ஞ்ஞானியும் அடியாரோடு கூடி, அவர்தம் திருவேடத்தையும் ஆலயத்தையும் சிவனெனவே தொழுவான் என்பது அதன் கருத்து. வீடுபேற்றின் வாயிலில் நிற்பவனையும் மெய்கண்டார் கோயிலுக்கே திரும்ப அனுப்புகின்றார். முன்னர் அவன் சென்றது பெறுதற்பொருட்டு. இப்போது செல்வது பெற்றதை இழவாமைப்பொருட்டு. இத்துணைத் தெளிவான விடையை வைத்துக்கொண்டு, ஞானம் வந்தாற் கோயில் வேண்டா என்று சித்தாந்தத்தின் பெயராற் கூறுதல் பொருந்தாது.

இனி, யூத சமயத்தை நோக்குவாம். கி.பி. 70ஆம் ஆண்டில் உரோமப் படைகள் எருசலேம் நகரின் திருக்கோயிலை எரித்து அழித்தன. யூதரின் பலியும் தூபமும் படையலும் அவ்வோரிடத்திற்கே உரியன. ஆகவே அவர்தம் புறப்பூசையின் பெரும்பகுதி ஒரே ஆண்டில் நின்றுபோயிற்று. அச்சமயம் அழிந்துபோகாது நின்றமைக்குக் காரணம், அவர்தம் ஆசிரியர்கள் வழிபாட்டை இதயத்தின் தொண்டு எனக் கண்டு, பலியின் இடத்திற் செபத்தை அமைத்தமையே. ஆயினும், ‘இனிச் சடங்கு இல்லை, மனமே போதும்’ என அவர்கள் கூறவில்லை. நடைபெறாத பலிகளின் விதிகளைச் சொல்லுக்குச் சொல் ஓதினர். ஓதுதலே இயற்றுதலுக்கு ஒப்பாகும் என்றனர். ஏறத்தாழ கி.பி. 200இற் தொகுக்கப்பெற்ற மிஷ்னா என்னும் சட்டநூலில், இல்லாத கோயிலின் அளவுகளும் நியதிகளும் விரிவாக எழுதப்பட்டுள்ளன. பூசலார் மனத்தில் எடுத்ததை இவர்கள் ஓர் இனமாகக் கூடி ஏட்டில் எடுத்தனர் எனலாம்.

உள்ளக் கருத்தை அவர்கள் கவானா என்பர். ஒன்றை நோக்கித் திருப்புதல் என்பது அச்சொல்லின் அடிப்பொருள். மிஷ்னா கூறும் எடுத்துக்காட்டொன்று முறிகண்டிக்கு மிக அணித்தாயது. புத்தாண்டு நாளிற் கொம்பூதும் ஒலியைக் கேட்டல் யூதர் கடன். ஒருவன் செபக்கூடத்தின் பின்புறமாகச் செல்லுகையில் அவ்வொலி அவன் செவியில் விழுகின்றது. அவன் கடன் தீர்ந்ததோ? உள்ளத்தை அதன்பாற் செலுத்தினானாயின் தீர்ந்தது. செலுத்தவில்லையாயின் தீரவில்லை என்பது விடை. ஒலியும் ஒன்றே, செவியும் ஒன்றே. வேறுபட்டது உள்ளத்தின் திசை. முன்னாளைய பக்தர்கள் செபத்துக்கு முன் ஒரு நாழிகையளவு வாளா இருந்து உள்ளத்தைத் திருப்பினர் எனவும் அந்நூல் கூறுகின்றது. நம் அந்தரியாகத்தோடு இதனை ஒப்பிடுக. எனினும், கருத்தின்றிச் செய்த கடன் கடனாகுமோ என்பது பின்வந்த தல்மூத்தில் நெடிய வாதமாயிற்று.

பதினொராம் நூற்றாண்டில் ஸ்பானிய நாட்டில் வாழ்ந்த பஹ்யா இபுன் பக்கூடா, இதயத்தின் கடமைகள் என்னும் நூலை அரபு மொழியில் எழுதினார். உறுப்புகளின் கடமைகளைப் பற்றிய நூல்கள் மலிந்துள்ளன, இதயத்தின் கடமைகளைப் பற்றி எவரும் முறையாக எழுதவில்லை என்னும் குறையே அவரைத் தூண்டிற்று. 1204இற் காலமான மைமோனிதீசு, கருத்தில்லாத செபம் செபமே அன்று என்றும், அவ்வாறு செபித்தவன் மீளச் செபித்தல் வேண்டும் என்றும் விதித்தார்.

இக்கருத்தை உச்சிக்கு உயர்த்தியது கபாலா என்னும் மறைஞான நெறி. கபாலா என்றால் வழிவழியாகப் பெற்றுக்கொள்ளப்பட்டது என்று பொருள். நம் மரபு என்னும் சொல்லுக்கு அது நிகராகும். அந்நெறியின் தலையாய நூலாகிய ஸோஹர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஸ்பானிய நாட்டில் வெளிப்பட்டது. பதினாறாம் நூற்றாண்டிற் கலிலேய மலைநாட்டுச் ஸபெத் என்னும் சிற்றூர் இந்நெறியின் நிலைக்களமாயிற்று. அங்கு வாழ்ந்த ஈசாக்கு லூரியா (1534–1572) தாம் மிகுதியாக எழுதவில்லை. அவர் மாணவர் ஹயிம் வித்தால் ஆசிரியர் கூறியவற்றை ஏட்டிலேற்றினார். படைப்பின் தொடக்கத்தில் தெய்வ ஒளியைத் தாங்கிய கலங்கள் உடைந்தன. ஒளித்துகள்கள் பருப்பொருளிற் சிதறிச் சிறைப்பட்டன. மனிதன் கடன்களை உரிய கருத்தோடு செய்யுந்தோறும் அத்துகள்கள் விடுதலைபெற்று மேலெழுகின்றன என்பது லூரியாவின் கோட்பாடு. ஆதலால், செபத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும், செயலின் ஒவ்வோர் அசைவுக்கும் உரிய தியானக் கருத்து வகுக்கப்பட்டது. இவ்வளவு அகமுகமான நெறியிற் புறச்செயல் மெலிந்திருக்கும் என எதிர்பார்க்கலாம். நிகழ்ந்தது மறுதலை. ஒளித்துகள் சிறைப்பட்டிருப்பது பருப்பொருளிலாதலின், பருப்பொருளைத் தொடாது அதனை விடுவிக்க இயலாது. வெள்ளி மாலைதோறும் லூரியாவும் மாணவரும் வயல்வெளிக்குச் சென்று ஓய்வுநாளை எதிர்கொண்டழைத்தனர். யூதரின் பிற்காலச் சட்டநூல்களுள் தலைசிறந்ததை இயற்றிய யோசேப்பு காரோவும் அதே ஊரிலேயே வாழ்ந்தார் என்பது எண்ணி மகிழத்தக்கது. ஓரூரே நுண்ணிய அகநெறியையும் திண்ணிய புறவிதியையும் ஈன்றது.

ஆயினும் கருத்தும் தன் நோய்க்கு ஆளாகும். கடனைத் தொடங்குமுன் கபாலா வழிக் கருத்துரையை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் பரவியது. பதினெட்டாம் நூற்றாண்டிற் பிராகு நகரத்துப் பெருங்குருவாகிய எசேக்கியேல் இலாந்தாவு அதனைக் கடுமையாக எதிர்த்தார். உள்ளத்தைக் காக்க எழுந்த வழியும் பொருளறியாத ஒரு வாய்பாடாய்த் தாழக்கூடும் அன்றோ? அதே நூற்றாண்டிற் கிழக்கு ஐரோப்பாவில் எழுந்த ஹசிடிய இயக்கத்தார், நுண்ணிய தியானங்கள் அறியாத பாமரனின் உருக்கத்தையே மேலாகக் கொண்டனர். எழுத்தறியாத சிறுவனொருவன் செபக்கூடத்திற் செபிக்கத் தெரியாது குழலூத, அவ்வொலியே அனைவர் செபத்தையும் மேலேற்றிற்று என இயக்கத்தின் முதல்வராகிய பாஅல் செம் தோவ் கூறியதாக அவர்களிடையே கதை வழங்குகின்றது. காளத்தி வேடரை அறிந்த நமக்கு அச்சிறுவன் அயலவன் அல்லன். ஆயின், கருத்து முதிரட்டும் என்று காத்திருந்து செபத்துக்குரிய காலத்தையே சிலர் தவறவிட்டனர். வொலோசின் நகரத்து ஹயிம் (1749–1821) இதனை மறுத்து, உயரிய கருத்தில்லாது உரிய காலத்திற் செய்தவன் கடன் தீர்த்தவனாவான். கருத்திலேயே மூழ்கிக் காலத்தைக் கடத்தினவன் தீர்த்தவனாகான் என நிறுவினார்.

இவர்கள் யாவர்க்கும் முற்பட்டவர், கிறித்துவுக்கு அண்மைக் காலத்தவராகிய அலெக்சாந்திரியாப் பிலோ. விதிகளின் உட்பொருளை அறிந்துவிட்டோம், இனிச் செயல் வேண்டா என்ற தம் நாட்டாரை அவர் கண்டித்தார். உட்பொருள் உயிர், புறச்செயல் உடல்; உயிரின் இல்லமாதலின் உடலைப் பேணுகின்றோம் அல்லமோ, அங்ஙனமே புறச்செயலையும் பேணல் வேண்டும் என்பது அவர் காட்டிய நியாயம். நம் சித்தாந்தியர் இதனைக் கேட்டிருப்பின் தலையசைத்திருப்பர்.

இரு சமயங்களும் வேறுபடும் இடத்தையும் மறைத்தல் ஆகாது. யூதருக்குச் சடங்கு இறைவன் இட்ட ஆணை; ஆணையை நிறைவேற்றுதல் கடன். கபாலாவோ மனிதனது செயலால் மேலுலகங்களும் செப்பமுறுகின்றன என்கின்றது. சைவத்தில் இறைவன் குறைவிலா நிறைவு. நம் பூசையால் அவனுக்கு ஆவது ஒன்றுமில்லை. பூசை செப்பஞ்செய்வது பூசிப்பவனை, பக்குவப்படுவது ஆன்மா. ஆகவே யூதரிடத்தே செயலின் பக்கம் தராசு சற்றுத் தாழ்கின்றது. நம்மிடத்தே அன்பின் பக்கம் தாழ்கின்றது. எனினும் ஒரு தட்டை அறவே அகற்றியவர் இரு சமயப் பேரறிஞருள்ளும் இலர்.

இக்கோட்பாடு வன்னிநாட்டிற் கண்கூடாய் விளங்குமிடம் நந்திக்கடலோரத்து வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயில். மதுரையை எரித்தபின் கண்ணகி முதியவள் வடிவில் இங்கு வந்தாள். இடைச்சிறுவர் அவளுக்குப் பொங்கிப் படைத்தனர். விளக்கேற்ற எண்ணெயின்றித் தவித்தனர். கடல்நீரைக் கொண்டு ஏற்றுமாறு அவள் கூற, விளக்கு எரிந்தது என்பது ஐதிகம். இக்கதையின் உட்பொருள் தெளிவானது. சிறுவரிடம் பொருளில்லை, படைக்கும் நெஞ்சம் இருந்தது, அந்நெஞ்சமே நெய்யாயிற்று. ஆயின் வன்னி மக்கள் ‘நெஞ்சம் போதும்’ என்று நின்றுவிடவில்லை. ஆண்டுதோறும் வைகாசியிற் பாக்குத்தெண்டலோடு தொடங்கி, சிலாவத்தைக் கடலிலே தீர்த்தமெடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் அந்நீரில் விளக்கெரித்து, மடைப்பண்டங்களை வற்றாப்பளைக்குக் கொணர்ந்து, விசாகத்தையொட்டிய திங்கட்கிழமையிற் பொங்குகின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் கண்ணகி வழிபாட்டை ஆகமநெறிக்குப் புறம்பானதெனக் கண்டித்தார். யாழ்ப்பாணத்திற் கண்ணகி கோயில்கள் பல இராசராசேசுவரி முதலிய பெயர்களைத் தாங்கின. வற்றாப்பளையோ தன் பெயரையும் முறையையும் விடவில்லை. ஆகமத்தில் எழுதப்படாத அம்முறைக்கு உயிர் கொடுத்தது தலைமுறை தலைமுறையாக வந்த கருத்தே.

இக்கருத்து ஒரு கொடுஞ்சோதனைக்கு உட்பட்டது. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில், நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட முள்ளிவாய்க்கால் மணற்பரப்பிற் போர் முடிந்தது. எண்ணற்றோர் மாண்டனர். எஞ்சியோருள் 2,50,000க்கு மேற்பட்டோர் வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளத்து மெனிக் பாம் முதலிய முகாம்களில் அடைக்கப்பட்டனர். அடுத்த மாதம் வைகாசி விசாகம் வந்தபோது முல்லைத்தீவு மக்களிற் பெரும்பாலோர் கம்பிவேலிக்குள் இருந்தனர். சிலாவத்தைக் கடலும் காட்டா விநாயகர் கோயிலும் அவர்களுக்கு எட்டாதிருந்தன. எருசலேமை இழந்தார்க்கும் பொருள் பெறாத பூசலார்க்கும் இருந்த வழியே அவர்களுக்கும் இருந்தது. நடக்க இயலாத பாதையை நினைவால் நடக்கலாம். எடுக்க இயலாத தீர்த்தத்தை நினைவால் எடுக்கலாம். ஆயின், நினைவால் நடப்பதற்கு அப்பாதையை முன்னர்க் காலால் நடந்திருத்தல் வேண்டும். தாயோடு கூடிச் சென்று வளந்தேற்றிய பானையைக் கண்ட குழந்தைக்கே, பானையில்லாத நாளிலும் அது உள்ளே பொங்கும். புறச்சடங்கு செய்யும் பேருதவி இதுவே: புறம் யாவும் பறிபோகும் நாளுக்கென அது அகத்திற் பொருள் சேர்த்து வைக்கின்றது.

வேறொன்றும் நோக்கற்பாலது. மெனிக் பாம் 2012 செப்டெம்பரில் மூடப்படும் வரை மக்கள் சிறுகச் சிறுக மீள்குடியேறினர். மீண்டவர் வீடு கட்டி முடிக்குமுன்னரே கோயில்களை நாடினர். முகாமில் நெஞ்சால் வழிபட்டுப் பழகினோம், இனிக் கோயில் வேண்டா என எவரும் இருந்துவிடவில்லை. இன்று வைகாசிப் பொங்கலுக்கு நாட்டின் பல பாகங்களிலிருந்தும் கடல் கடந்தும் மக்கள் திரளுகின்றனர். அகப்பூசை புறப்பூசைக்கு மாற்றன்று, அதன் வித்து. நிலம் கிடைத்தவுடன் வித்து முளைத்தல் இயல்பு.

வழிபாடு கோயிலெல்லையோடு நில்லாது என்பதற்கும் இம்மண்ணில் ஒரு சான்று உண்டு. யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகள் (1872–1964) துறவுபூணுமுன் கிளிநொச்சியில் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் களஞ்சியக் காப்பாளராகப் பணிபுரிந்தவர். பிற்காலத்தில் அவர் எச்செயலையும் சிவதொண்டாகச் செய்யுமாறு அடியார்க்கு உணர்த்தினார். 1935இல் தொடங்கிய ‘சிவதொண்டன்’ இதழ் அக்கருத்தின் பெயரையே தாங்கியது. களஞ்சியத்தில் எண்ணி வைப்பதும், வயலுக்கு நீர் பாய்ச்சுவதும், வகுப்பிற் கணக்குச் சொல்லிக்கொடுப்பதும் உரிய கருத்தோடு செய்யின் பூசையாம். ஹசிடியரும் உண்ணுதல், உழைத்தல் முதலிய அன்றாடச் செயல்களையே இறைதொண்டாக்கலாம் என்றனர். இங்கும் கருத்து செயலை நீக்கவில்லை. செயலின் பரப்பை விரித்தது.

இனி, முறிகண்டியில் நிற்கும் பேருந்துக்கு மீளுவோம். மூதாட்டி வழிபட்டார் என்பதில் ஐயமில்லை. கால் நடந்த நாளெல்லாம் அவர் இறங்கி நின்று தேங்காய் அடித்தவர். அப்பழக்கமே இன்று இருக்கையிலிருந்தவாறு உருகும் உள்ளமாய்க் கனிந்தது. அஞ்சி அடித்தவர் வாயிலுக்கு வந்துவிட்டார். அச்சம் அன்பாய் மாறும் நாள் அவருக்கும் உண்டு. தூக்கக் கலக்கத்தில் அடித்தவரையும் இகழற்க. அவர் செயல் கருத்தில்லாத வெறுங்கூடு என்பது உண்மை. எனினும் கூடு இருக்குமிடத்தே குருவி ஒருநாள் வந்து தங்கலாம். கூட்டையே பிய்த்தெறிந்தவனுக்கு அந்நம்பிக்கையும் இல்லை. இகழத்தக்கது ஒன்றேயுண்டாயின், அது கூட்டுக்குப் பொன்முலாம் பூசி ஊரார்க்குக் காட்டி, குருவியைத் தேடாதிருத்தல். விழாவின் செலவும் ஒலிபெருக்கியின் ஓசையும் மிகுந்து பாவனை குறைந்து வரும் இந்நாளில், கோயிற் பொறுப்பாளர் இதனை எண்ணுதல் நன்று. மனமே போதும் எனக் கூறும் மாணவர், தம் மனத்தை ஒருநாட்பொழுதேனும் பூசலார்போல் உழைப்பித்துப் பார்த்தல் நன்று. அவ்வாறு உழைப்பித்தவர் தேங்காயோடு பேருந்தினின்று இறங்குவர் என்பது ஒருதலை.